ஸ்ட்ராங் டீயும் மோடஃபினிலும்

கல்கத்தாவின் கரியாஹாட் மேம்பாலத்துக்கு அடியில் மாலையானால் சதுரங்கம் கூடிவிடும். ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கல்லூரிப் பையன், கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்த துணி வியாபாரி என்று யார் யாரோ எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். ஆடுகிறவர்களைவிட யோசனை சொல்கிறவர்கள் அதிகம். இரண்டு பக்கமும் பஸ் ஹாரன். கையில் மண்கோப்பை, அதில் எலுமிச்சை பிழிந்து கறுப்பு உப்பு போட்ட லெபு சா, இல்லாவிட்டால் இஞ்சி தட்டிப் போட்ட பால் டீ. சாலையைத் தாண்டினால் மருந்துக் கடைகள். தூக்கத்தை விரட்டும் இன்னொரு சரக்கு அங்கே பத்துப் பத்தாக அட்டையில் கிடைக்கிறது. மருந்தின் பெயர் மோடஃபினில். மோடலெர்ட், மோட்விஜில் என்று கம்பெனிக்கு ஒரு பெயர்.

மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அட்டையிலேயே அச்சிட்டிருக்கும். சீட்டு கேட்கிற கடையும் உண்டு, கேட்காத கடையும் உண்டு. இது கரியாஹாட்டுக்கு மட்டும் உரிய குணம் அல்ல, மதுரையிலும் அப்படித்தான். லேக் மார்க்கெட் பக்கம் தங்கி சி.ஏ. தேர்வுக்குப் படிக்கும் தமிழ்ப் பையன் ஒருவன் என்னிடம் கேட்டான்: "காபி மாதிரிதானே அண்ணா? கொஞ்சம் ஸ்ட்ராங், அவ்வளவுதானே?"

நியாயமான கேள்வி. பலத்தை மட்டும் பார்த்தால் அவன் சொன்னது ஏறக்குறைய சரி. மற்ற எல்லாவற்றிலும் தப்பு.

பலத்தை அமெரிக்க ராணுவமே அளந்து பார்த்திருக்கிறது. வால்டர் ரீட் ராணுவ ஆய்வு நிறுவனத்தில் 50 பேரை இரண்டு நாளுக்கு மேல் தூங்கவிடாமல் வைத்தார்கள். 41 மணி நேரத்தைத் தாண்டியதும் சிலருக்கு மோடஃபினில் (100, 200 அல்லது 400 மில்லிகிராம்), சிலருக்கு 600 மில்லிகிராம் கஃபீன், சிலருக்கு வெற்று மாத்திரை. 2002இல் முடிவு வெளிவந்தது. 400 மில்லிகிராம் மோடஃபினிலும் 600 மில்லிகிராம் கஃபீனும் தூக்கமிழந்தவரைத் தூக்கி நிறுத்துவதில் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. கஃபீனைவிட மாத்திரை மேல் என்று சொல்ல எதுவும் இல்லை என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். மருந்து விற்பவர்கள் இந்த ஆய்வை அதிகம் பேசுவதில்லை.

600 மில்லிகிராம் கஃபீன் என்றால் எவ்வளவு டீ? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் 150 மில்லி டீயில் 30 முதல் 65 மில்லிகிராம் வரை கஃபீன் என்று கணக்கு இருக்கிறது. காபியென்றால் 80 முதல் 120 வரை. நாளொன்றுக்கு 300க்கு மேல் போக வேண்டாம் என்கிறது அதே வழிகாட்டி. ஆக, ராணுவ ஆய்வில் ஒரே வாயில் விழுங்கியதை டீயாகக் குடித்தால் பத்துக் கோப்பையாவது வேண்டும், சில நேரம் இருபது. அதுவும் பெரிய கோப்பை. கரியாஹாட் மண்கோப்பை அதில் பாதி கொள்ளாது. அத்தனை டீயை ஒரு மனிதன் உள்ளே இறக்குவதற்குள் வயிறு எரியும், கை நடுங்கும், நாலு தடவை ஒதுங்க இடம் தேட வேண்டியிருக்கும். கரியாஹாட்டில் அது லேசான காரியம் அல்ல. டீயின் பாதுகாப்பில் பாதி இந்தத் தொல்லைதான். மாத்திரையில் தொல்லை கிடையாது. அரை வாய்த் தண்ணீர் போதும்.

தூக்கமில்லாதவனை நிமிர்த்துவது ஒன்று, நன்றாகத் தூங்கியவனை மேலும் புத்திசாலியாக்குவது வேறு. பரீட்சைக்காரர்கள் மாத்திரையைத் தேடுவது இரண்டாவதற்காக. இதற்கும் சோதனை உண்டு, அதுவும் மேம்பாலத்துக்காரர்கள் ரசிக்கிற வகையில். ஜெர்மன் ஆய்வாளர்கள் 39 சதுரங்க ஆட்டக்காரர்களுக்கு ஒரு நாள் மோடஃபினில், ஒரு நாள் மெதில்ஃபெனிடேட், ஒரு நாள் கஃபீன், ஒரு நாள் வெற்று மாத்திரை என்று கொடுத்துக் கணினியோடு 15 நிமிட ஆட்டங்கள் ஆடவிட்டார்கள். 2017இல் வெளியான அந்த ஆய்வில், மருந்து உள்ளே போனவர்கள் ஒவ்வொரு காய்க்கும் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள். ஆழமாக யோசித்தார்கள், கடிகாரத்தில் தோற்றார்கள். நேரம் தீர்ந்து தோற்ற ஆட்டங்களைக் கழித்துப் பார்த்தால் மட்டும் ஆட்டம் கொஞ்சம் மேம்பட்டது தெரிந்தது. மூன்று மணி நேரத் தேர்வில் இந்தக் கழிவை யார் தருவார்கள்?

2023இல் இன்னொன்று வந்தது. குறிப்பிட்ட எடைக்குள் அதிக மதிப்புள்ள பொருள்களைப் பையில் அடைக்கும் கணக்கை 40 பேருக்குக் கொடுத்தார்கள். மோடஃபினில் உள்ளிட்ட மூன்று விழிப்பு மருந்துகளும் அவர்களை அதிகம் உழைக்க வைத்தன. எந்தப் பொருளை எடுப்பது, எதை விடுவது என்று மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். விடையின் தரமோ இறங்கியது. மருந்தில்லாத நாளில் நன்றாகச் செய்தவர்களே மருந்து போட்ட நாளில் சராசரிக்குக் கீழே போனார்கள். மாத்திரையின் மேல் மோகம் கொள்ளும் நல்ல மாணவனுக்கு நான் காட்டுவது இந்த ஒரு வரியைத்தான்.

மாத்திரைக்கு நியாயம் செய்ய வேண்டுமானால், ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1990 முதல் 2014 வரை வந்த 24 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வுரை, நீண்ட, சிக்கலான வேலைகளில் திட்டமிடுவதும் முடிவெடுப்பதும் ஓரளவு கூடியதாகச் சொல்கிறது. ஆனால் ஓரளவுதான். முழுப் பாடத்தையும் ஒரே இரவில் மண்டையில் ஏற்றும் அற்புதம் எந்த ஆய்விலும் தட்டுப்படவில்லை.

கஃபீனும் மோடஃபினிலும் வேலை செய்யும் விதம் வேறு. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது; 'போதும், படு' என்று சொல்வது அதுதான். கஃபீன் அது உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது. அடினோசின் எங்கும் போய்விடவில்லை. கடன்காரன் வாசலில் நிற்க, அழைப்பு மணியின் வயரைப் பிடுங்கிவிட்டதுபோல. ஐந்து மணி நேரத்தில் கஃபீனில் பாதி வடிந்ததும் மணி மறுபடி அடிக்கத் தொடங்கும்.

மோடஃபினில் எப்படி வேலை செய்கிறது என்பது இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. தெரிந்தவரை, டோபமைனை நரம்பணு திரும்ப உறிஞ்சும் வாசலை அது அடைக்கிறது. 2009இல் அமெரிக்காவில் பத்து ஆரோக்கியமான ஆண்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, போதைப் பொருள்கள் கிளறும் அதே பகுதியிலும் டோபமைன் உயர்ந்திருந்தது. பழக்கமாகாத மருந்து என்று அதுவரை இருந்த நம்பிக்கை அத்தோடு ஆட்டம் கண்டது. அமெரிக்கச் சட்டம் இதை ஏற்கெனவே கட்டுப்பாட்டுப் பட்டியலின் நான்காம் வகுப்பில்தான் வைத்திருந்தது.

நேரக் கணக்கு இதைவிட முக்கியம். மோடஃபினில் உடம்பில் பாதியாகக் குறைய 12 முதல் 15 மணி நேரம் ஆகும். அதனால்தான் மருத்துவர் காலையில் போடச் சொல்கிறார். பரீட்சைக்காரன் போடுவதோ இரவு எட்டு மணிக்கு, விடிய விடியப் படிக்கலாம் என்று. மறுநாள் காலை தேர்வுக்கூடத்தில் உட்காரும்போதும் பாதி உள்ளே இருக்கிறது. தேர்வு முடிந்து மத்தியானம் படுத்தால் தூக்கம் வராது. மறுபடி இரவு வருகிறது, மறுபடி மாத்திரை. அதே மருந்து, அதே அளவு. கடிகாரம் மட்டும் தலைகீழ். தவறான பயன்பாடு என்பதில் பெரும்பகுதி இவ்வளவு சாதாரணமானதுதான்.

எனக்கு அதிகம் உறுத்துவது 1997இல் வந்த ஒரு கனடிய ராணுவ ஆய்வு. 64 மணி நேரம் தூங்காதவர்களிடம் வேலையைக் கொடுத்து, எவ்வளவு சரியாகச் செய்தோம் என்று அவர்களையே மதிப்பிடச் சொன்னார்கள். மோடஃபினில் சாப்பிட்டவர்கள் தங்களைப் பற்றி மிகையாக மதிப்பிட்டார்கள், அதிலும் குறிப்பாக மருந்தை விழுங்கிய இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்குள். டீ குடித்து விழித்திருப்பவனுக்குத் தான் களைத்திருப்பது தெரியும். கண் எரியும், கொட்டாவி விடுவான், எரிந்து விழுவான். மாத்திரைக்காரன் தெளிவாக இருப்பதாக நினைக்கிறான். தான் எழுதிய விடையை அவனே திருத்தினால் அவனுக்கு நூற்றுக்கு நூறு கிடைக்கும்.

விளையாட்டு உலகம் இரண்டையும் எப்படிப் பிரித்தது என்பதும் பார்க்கத் தக்கது. 2003 ஆகஸ்டில் பாரிஸ் உலகத் தடகளப் போட்டியில் 100, 200 மீட்டர் ஓட்டங்களில் தங்கம் வென்ற அமெரிக்க வீராங்கனை கெல்லி வைட்டின் பரிசோதனையில் மோடஃபினில் வெளிப்பட்டது. தனக்குப் பகலில் அடக்க முடியாத தூக்கம் வரும் நார்கோலெப்சி நோய் என்று சொல்லிப் பார்த்தார், பதக்கங்கள் போயின. அடுத்த ஜனவரியில் வந்த உலக ஊக்கமருந்து எதிர்ப்பு முகமையின் பட்டியலில் மோடஃபினில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டது. அதே பட்டியலிலிருந்துதான் கஃபீன் வெளியே வந்து, வெறும் கண்காணிப்புப் பொருளானது. ஒரே வருடம், ஒன்று உள்ளே, ஒன்று வெளியே.

இங்கே ஒரு கல்கத்தாக்காரர் குறுக்கிடலாம். டீயையும் ஒரு காலத்தில் இப்படித்தானே திட்டினீர்கள் என்று. உண்மை. இந்த நகரத்தில் தேயிலை ஏலம் தொடங்கியது 1861. அதே ஆண்டில் பிறந்த பிரபுல்ல சந்திர ராய் பின்னாளில் பெங்கால் கெமிக்கல்ஸ் என்ற மருந்துக் கம்பெனியை நிறுவினார். 1930களில் டீயை விஷம் என்றே வங்க மொழியில் எழுதினார். மாத்திரை செய்தவர் டீயைச் சாடினார் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகப் படும். நம் பக்கத்தில் காபிக்கும் இதே வரவேற்புத்தான். வீட்டுப் பெண்களைக் கெடுக்கிறது, பழைய சோற்றையும் நீராகாரத்தையும் விரட்டுகிறது என்று கண்டித்தவர்களின் பேரன்கள் இன்று லேக் மார்க்கெட்டில் சிக்கரி எத்தனை பங்கு என்று சண்டை போடுகிறார்கள். ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' படித்தவர்களுக்கு இந்தக் கதை தெரியும்.

ஆனால் இந்த ஒப்புமை பாதி தூரம்தான் நடக்கிறது. டீ நூறு வருடமாகப் பொது இடத்தில் குடிக்கப்பட்டது. எத்தனை குடித்தால் பித்தம், எத்தனை மணிக்கு மேல் குடித்தால் ராத்தூக்கம் கெடும் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 'இத்தோட நிறுத்துங்க தாதா' என்று டீக்கடைக்காரரே சொல்வதும் உண்டு. மாத்திரையை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துத் தனியாக விழுங்குகிறார்கள். அதற்கு வீட்டுக் கணக்கு இல்லை. பெற்றோருக்கே தெரியாது.

டீயையும் கோயில் கட்டிக் கும்பிட வேண்டாம். தினசரி டீக்காரர் ஒரு நாள் நிறுத்தினால் மண்டை பிளக்கும். மோடஃபினிலை ஒன்பது வாரம் சாப்பிட்டு நிறுத்திய நார்கோலெப்சி நோயாளிகளுக்கு அப்படிப்பட்ட தனி உபாதை எதுவும் தெரியவில்லை. பழைய தூக்கம்தான் திரும்பி வந்தது. சாப்பாட்டோடு டீ குடித்தால் உணவிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சரியாக ஒட்டாது. ரத்தசோகை மிகுந்த நாட்டில் அது சின்ன விஷயம் அல்ல.

மாத்திரையின் பக்கவிளைவுகளில் தலைவலி, குமட்டல், படபடப்பு எல்லாம் சாதாரணம். அரிதானது ஆனால் கொடியது, தோல் உரிந்து கொப்புளிக்கும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய். கவனக்குறைவுக் கோளாறுள்ள குழந்தைகளுக்கு இந்த மருந்தைக் கொடுக்க அனுமதி கேட்டு வந்தபோது அமெரிக்க மருந்து நிர்வாகம் 2006இல் மறுத்ததற்கு இந்தத் தோல் பயம் காரணம். பெண்கள் அறிய வேண்டியது இன்னொன்று. மோடஃபினில் கல்லீரலின் நொதியைத் தூண்டிக் கருத்தடை மாத்திரையைச் சீக்கிரம் கரைத்துவிடுகிறது. மருந்தை நிறுத்தி ஒரு மாதம் வரை வேறு பாதுகாப்பு வேண்டும். கருவுற்ற காலத்தில் சாப்பிட்டால் குழந்தைக்குப் பிறவிக் குறை வரலாம் என்று 2019இல் ஐரோப்பாவிலும் கனடாவிலும் எச்சரிக்கை வந்தது. கஃபீனிலோ கதை தலைகீழ்: கருத்தடை மாத்திரை கஃபீனை உடம்பில் ஏறத்தாழ இரு மடங்கு நேரம் தங்க வைக்கிறது. சீட்டில்லாமல் அட்டையை நீட்டும் கடையில் இதை யாரும் கேட்கப் போவதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் ஆரோக்கியமானவர் கதை. நோயாளியிடம் வந்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது.

உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு; மத்தியானச் சோற்றுக்குப் பின் கல்கத்தாவே கொஞ்சம் கண்ணயர்கிற ஊர். அது நோயல்ல. எது நோய் என்று முதலில் தட்டிப் பார்க்க, ஆஸ்திரேலிய மருத்துவர் மர்ரே ஜான்ஸ் 1991இல் தந்த எப்வர்த் அளவுகோல் இருக்கிறது. எட்டுச் சூழல்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. படிக்கும்போது தூங்குவீர்களா, டிவி பார்க்கும்போது, மத்தியானம் படுத்தால் என்று போகும் கேள்விகளில் இரண்டு முக்கியம்: ஒருவரோடு உட்கார்ந்து பேசும்போதே தூங்கிவிடுவீர்களா? போக்குவரத்தில் வண்டி சில நிமிடம் நின்றால்? கரியாஹாட் சிக்னலின் இரைச்சலில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒருவர் தூங்குகிறார் என்றால் அவருக்கு டீ போதாது. மொத்தம் பத்தைத் தாண்டினால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நார்கோலெப்சியின் முதல் வகையில், விழிப்பைப் பிடித்து நிறுத்தும் ஒரெக்சின் என்ற பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் பெரும்பாலும் அழிந்துவிடுகின்றன. ஒரெக்சினைக் கண்டுபிடித்ததே 1998இல். சிரித்தால் முழங்கால் மடங்கும், கையிலிருக்கும் டம்ளர் நழுவும். பள்ளியில் தொடங்கும் நோய். கும்பகர்ணன் என்று வகுப்பு முழுவதும் கேலி செய்ய, வாத்தியார் வெளியே நிறுத்த, பல வருடம் கழித்துத்தான் பெயர் தெரியவரும். இவர்கள் அதற்குள் டீ, காபி எல்லாம் குடித்துப் பார்த்திருப்பார்கள். அடினோசினின் இடத்தை மறிப்பதால், போன நரம்பணுக்களின் வேலை நடந்துவிடாது. ஃபிரான்ஸில் லாஃபோன் ஆய்வகம் 1970களில் உருவாக்கி, லியோன் நகரத்துத் தூக்க ஆய்வாளர் மிஷேல் ஜூவே நோயாளிகளிடம் கொண்டுபோன மோடஃபினில் இவர்களுக்காக வந்தது. காலையில் 200 மில்லிகிராம்; பேச்சு நடுவில் தலை கவிழ்வது குறைகிறது. வேலைக்குப் போக முடிகிறது. சிரிக்கும்போது கால் மடங்குவதை மட்டும் இது தடுப்பதில்லை, அதற்கு வேறு மருந்து.

குறட்டையோடு மூச்சு அடைத்து அடைத்துத் திறப்பவர்களுக்கு இது இரண்டாம் வரிசை. முதலில் மூச்சுக்குழலைத் திறந்து வைக்கும் சிபாப் கருவி. அதைப் போட்டும் பகல் தூக்கம் தீராதவருக்கே மாத்திரை. கருவியை மூலையில் போட்டுவிட்டு மாத்திரையை மட்டும் சாப்பிட்டால், விழித்தபடியே இதயத்தைக் கெடுத்துக்கொள்வதுதான் நடக்கும்.

ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த செக்டர் ஃபைவிலிருந்து விடியற்காலையில் கரியாஹாட் திரும்பும் இரவுப் பணிக்காரர்கள் கதை இன்னும் சிக்கல். 2005இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், இரவுப் பணியில் படுக்க வைத்தால் சராசரி இரண்டே நிமிடத்தில் தூங்கியவர்கள், மாத்திரைக்குப் பின் 3.8 நிமிடத்தில் தூங்கினார்கள். கிடைத்த லாபம் இரண்டு நிமிடம்கூட முழுதாக இல்லை. அதே ஆய்வில், வீடு திரும்பும் வழியில் விபத்தோ மயிரிழையில் தப்பியதோ உண்டு என்றவர்கள் மாத்திரைக் குழுவில் 29 சதவீதம், வெற்று மாத்திரைக் குழுவில் 54. இதையும் மறைக்கக் கூடாது. இந்த இரண்டு முடிவுகளுக்கு நடுவில்தான் உலகம் இரண்டாகப் பிரிந்தது: 2004இல் அமெரிக்கா இரவுப் பணிக்காரருக்கும் மருந்தை அனுமதித்தது, 2010இல் ஐரோப்பிய மருந்து முகமை எல்லாவற்றையும் விலக்கி நார்கோலெப்சிக்கு மட்டும் என்று குறுக்கச் சொன்னது. இடையில் 2008இல், வெறும் களைப்புக்கும் சோர்வுக்கும் இதை எழுதச் சொல்லி மருத்துவர்களிடம் தள்ளியது உள்ளிட்ட குற்றச்சாட்டுகளுக்காக, அங்கே மோடஃபினிலை விற்ற செஃபலான் கம்பெனி அமெரிக்க அரசுக்கு 42.5 கோடி டாலர் கட்டியது. பையனின் 'ஸ்ட்ராங் காபி' என்ற எண்ணம் தெருவில் தானாக முளைத்ததல்ல.

நம் சட்டத்தில் ஒரு விநோதம் உண்டு. 2013இல் மத்திய அரசு எச்1 என்ற அட்டவணையைக் கொண்டுவந்தது. 46 மருந்துகள், சோல்பிடெம், அல்பிரஸோலம் போன்ற தூக்க மாத்திரைகள், பதற்ற மாத்திரைகள் அதில் இருந்தன. அவற்றை விற்றால் யார் எழுதினார், யாருக்கு, எத்தனை என்று கடைக்காரர் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அந்த 46இல் மோடஃபினில் இல்லை. தூங்க வைக்கும் மாத்திரைக்கு நோட்டுப் புத்தகம், விழிக்க வைக்கும் மாத்திரைக்கு வெறும் அச்சிட்ட எச்சரிக்கை. பதிவேடு வந்தால் நார்கோலெப்சி நோயாளிக்கு நஷ்டமில்லை; அவர் கையில் சீட்டு எப்படியும் இருக்கிறது. சி.ஏ. பையனிடம் நான் அவ்வளவு சட்டம் பேசவில்லை. தேர்வுக்கு முந்தின நாள் இரவு பதினொரு மணிக்குப் படுத்துவிடு, படிக்கிற நாளில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் காபி வேண்டாம், மருத்துவர் எழுதாமல் அந்த அட்டையைத் தொடாதே என்று மூன்றையும் வரிசையாகச் சொன்னேன். ஐந்து மணியை ஆறரையாக்க முடியுமா என்று பேரம் பேசினான்.